ஆணிகளுக்கு நடுவே ஒரு டப்பா

வணக்கம்.

நாற்பது ஆண்டுகளாக ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பண்ணை வீட்டை நண்பரின் குடும்பம் விற்கப்போகிறது. அதற்கு முன் ஒருமுறை தேடிப் பார்க்க எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். அங்கே வாழ்ந்த பெரியவர் வங்கியை நம்பாதவர், பணத்தை எங்கோ ஒளித்துவைத்திருந்தார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. மெட்டல் டிடெக்டர் வாங்கி மூன்று நாள் தேடினேன். ஆணி, லாடம், அலுமினிய மூடி இவைதான் கிடைத்தன. ஆணித் தொல்லை தாங்காமல் இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டேன். அதன்பிறகு கருவி வாயே திறக்கவில்லை. தொலைவில் நின்றே தங்கத்தைக் காட்டும் கருவி ஒன்றை வாடகைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா? இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாடகைக் கருவி வேண்டாம். கைப்பிடியில் ஓர் ஆன்டெனா தளர்வாக ஆடும். மணிக்கட்டு சாயும் பக்கம் அது திரும்பும். அதன் விஞ்ஞானம் அத்தோடு முடிந்தது. கோல்ஃப் பந்து தேடித் தருவதாக விற்கப்பட்ட ஒரு விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்த ஏடிஇ 651 என்ற போலி ‘வெடிகுண்டு காட்டும் கருவி’யை ஈராக் போன்ற நாடுகளுக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013இல் பிரிட்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. தொலைவிலிருந்து புதையல் காட்டுபவையும் அதன் உடன்பிறப்புகள்தான்.

இனி உங்கள் டிடெக்டர் ஏன் வாயடைத்துப்போனது என்று பார்ப்போம். இரும்பை ஒதுக்கிவிட்டால் நல்ல உலோகம் மட்டும் கத்தும் என்பது பொதுவான எண்ணம். கைதவறி விழுந்த ஒற்றை நாணயத்துக்கு அது ஓரளவு பொருந்தும். ஒளித்துவைத்த பணத்துக்குப் பொருந்தாது. ஒளிப்பவர் நாணயத்தை வெறும் மண்ணில் கொட்டுவதில்லை. தகர டப்பாவிலோ இரும்புப் பெட்டியிலோ பழைய சட்டியிலோ போட்டுத்தான் புதைப்பார். கருவி முதலில் காண்பது அந்தப் பாத்திரத்தை. ‘இரும்பு வேண்டாம்’ என்று நீங்கள் சொல்லிவைத்திருப்பதால், தேடுகிற டப்பாவையே அது தள்ளிவிட்டுப் போகும். பெரிய தகரம் சில சமயம் நல்ல உலோகம்போலக் கருவியின் திரையில் உயர்ந்த எண் காட்டும் என்பது உண்மைதான். அதை நம்பித் தேட முடியாது. கண்ணாடி ஜாடியில் நோட்டு மட்டும் இருந்தால் மூடி ஒன்றுதான் கருவிக்குத் தெரியும். அந்த மூடியும் இரும்பாக இருந்தால் கதை முடிந்தது.

இன்னொரு சிக்கல், ஆணி மற்றதை மறைப்பது. ஒதுக்கப்பட்ட ஆணியின் மேல் காயில் (கருவியின் அடியில் உள்ள, தரைமேல் வீசும் வட்டத் தட்டு) போகும்போது கருவி ஒரு கணம் மௌனமாகிவிடும். அந்த மௌனத்துக்குள் பக்கத்தில் கிடக்கும் நாணயமும் போய்விடும். எரிந்தோ இடிந்தோ போன கொட்டகை இருந்த இடத்தில் இந்த மௌனம் விடாமல் தொடரும்.

ஆகவே எந்த உலோகத்தையும் ஒதுக்காத ‘ஆல் மெட்டல்’ நிலைக்கு மாறுங்கள். இரைச்சல் வரும், தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கருவியோடு வந்த ஒன்பது, பத்து அங்குலக் காயிலைக் கழற்றிவிட்டு, வீட்டை ஒட்டிய பகுதிக்கு ஐந்து அல்லது ஆறு அங்குலக் காயில் போடுங்கள். அதன் அடியில் ஒரே நேரத்தில் குறைவான ஆணிகளே வரும் என்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். சென்சிடிவிட்டியை முழுதாக ஏற்றாமல் அறுபது, எழுபது சதவீதத்தில் வையுங்கள். உலோகமே இல்லாத ஓரிடத்தில் காயிலை மேலும் கீழும் பம்ப் செய்து கிரவுண்ட் பேலன்ஸ் பிடியுங்கள், அதாவது மண்ணே எழுப்பும் இரைச்சலைக் கருவி கழித்துவிடும்படி செய்யுங்கள். அடுப்புச் சாம்பல் கொட்டிய இடத்துக்கும் செம்மண்ணுக்கும் மண்ணின் குணம் வேறு; இடம் மாறினால் மறுபடியும் பிடிக்க வேண்டும். காயில் தரையிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் தரைக்கு இணையாகப் போகட்டும். வீச்சின் இரு முனையிலும் கை தன்னை அறியாமல் மேலே தூக்கும், அங்கேதான் ஆழம் போய்விடுகிறது. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். ஒரு கட்டத்தை வடக்கு தெற்காக முடித்தபின் கிழக்கு மேற்காகவும் ஒருமுறை போங்கள்.

ஆணியையும் டப்பாவையும் காது கொண்டே பிரிக்கலாம். ஆணி ‘டிக்’ என்று வெட்டி ஒலிக்கும். நீங்கள் தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினால் ஒலி மாறும், பல சமயம் மறையும். பெரிய பொருளின் ஒலி அகன்றிருக்கும், எந்தப் பக்கமிருந்து வீசினாலும் இருக்கும். சந்தேகம் வந்தால் காயிலை மெல்ல உயர்த்துங்கள். இருபது, முப்பது சென்டிமீட்டர் தூக்கியும் ஒலி சாகவில்லை என்றால் அது ஆணியல்ல. அங்கே தோண்டுங்கள். ஏர்க்கொழு, வாளி, அடுப்புக் கம்பி என்று வரத்தான் செய்யும். பத்து வாளியைத் தோண்ட மனமில்லாதவர் பதினோராவது டப்பாவையும் விட்டுவிடுவார்.

ஆழத்தைப் பற்றி நிதானமாக இருங்கள். சாதாரணக் கருவி ஒற்றை நாணயத்தைப் பதினைந்து, இருபத்தைந்து சென்டிமீட்டர் வரைதான் பார்க்கும். ஜாடி அளவுள்ள பொருளை அதைப்போல் இரு மடங்கு ஆழத்தில் பார்க்கலாம். தோட்டத்துக்கும் வயலோரத்துக்கும் வாடகைக்கு ஏதாவது எடுப்பதென்றால் இரட்டைப் பெட்டி டிடெக்டர் எடுங்கள். சுமார் ஒரு மீட்டர் தண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். ஆணி, நாணயம் போன்ற சின்னப் பொருள் எதுவும் அதற்குத் தெரியாது, ஜாடியும் அதைவிடப் பெரியதும்தான் தெரியும். உங்கள் நிலைமைக்கு அந்தக் குருட்டுத்தனமே வரம். பல்ஸ் இண்டக்ஷன் என்ற இன்னொரு வகை டிடெக்டரை ஆணி நிறைந்த முற்றத்துக்குக் கொண்டுவராதீர்கள். இரும்பைப் பிரித்தறிவதில் அது மிக மோசம்.

இதையெல்லாம் சொன்னாலும், நான்கு நாளில் முதல் நாள் கருவியை வண்டியிலேயே வைத்துவிடுங்கள் என்பேன். ஒளித்தவருக்கு மூன்று தேவைகள் இருந்தன. யாரும் பார்க்காமல் அங்கே போய்வர வேண்டும், இருட்டிலும் இடம் தப்பக்கூடாது, வேற்றாள் வந்து நோண்டினால் தனக்குத் தெரிய வேண்டும். அதனால் இடம் வீட்டிலிருந்து வெகுதூரம் போகாது. அவர் படுத்த அறையின் சன்னலருகே, அல்லது அவர் வழக்கமாக உட்கார்ந்த இடத்தில் நின்று வெளியே பாருங்கள். பார்வையில் அசையாத அடையாளம் எது? கிணற்றுச் சுவர், பெரிய மரம், பாறை, கல்தூண், வேலியின் மூலைக்கம்பம். வேலிக்கம்பத்தில் ஒரு பழைய உத்தி உண்டு: கம்பத்தைப் பிடுங்கி, குழியின் அடியில் ஜாடியை வைத்து, கம்பத்தை மேலேயே நட்டுவிடுவது. மண் தோண்டிய தடமே தெரியாது. வரிசையில் ஒரு கம்பம் மட்டும் காரணமில்லாமல் தடிமனாகவோ மற்றவற்றைவிட எளிதில் ஆடுவதாகவோ இருந்தால் அதன் அடியைப் பாருங்கள். கம்பம் மக்கிப்போயிருந்தால் இடைவெளியை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

நாற்றத்துக்குப் பயந்து யாரும் நிற்காத இடங்களும் ஒளிப்பவருக்குப் பிடித்தவை. கோழிக்கூட்டின் தரை, நாய்க்கூண்டின் அடி, தொழுவத்தில் தீவனத்தொட்டிக்குக் கீழே, எருக்குழியின் ஓரம். மறைவிடம் ஒன்றாகத்தான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். கலிபோர்னியாவில் ஒரு தம்பதி தங்கள் நிலத்தில் 2013இல் கண்டெடுத்த சேடில் ரிட்ஜ் புதையல், 1847 முதல் 1894 வரை அச்சிட்ட 1,427 தங்க நாணயங்கள். அவை எட்டு டப்பாக்களில் இருந்தன. முதல் டப்பாவின் முனை பலமுறை நடந்த பாதையோரத்தில் மண்ணுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்த ஒன்றோடு வீட்டுக்குப் போயிருந்தால் மற்றவை அங்கேயே கிடந்திருக்கும்.

வீட்டுக்குள் டிடெக்டரைவிடக் கண்ணுக்கும் அளவு நாடாவுக்கும்தான் வேலை. ஒவ்வொரு அறையின் உள்நீளத்தையும் வெளிநீளத்தையும் அளந்து எழுதுங்கள். கணக்கில் வராத ஓர் அடி எங்காவது இருக்கும். பெரும்பாலும் அது பழைய புகைபோக்கியாக இருக்கும், பார்த்துவிடுவதில் நட்டமில்லை. பலகைத் தளத்தில் மற்றவை நீளமாக இருக்க ஒன்று மட்டும் குட்டையாக இருக்கிறதா? எல்லாம் ஆணியடித்திருக்க ஒன்று மட்டும் திருகாணியில் நிற்கிறதா? ஆணித்தலையைச் சுற்றி நெம்பிய வடு இருக்கிறதா? செங்கல் சுவரில் காரையின் நிறம் ஓரிடத்தில் வேறாக இருக்கிறதா? டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள், நேரே அடித்தால் தெரியாத மேடுபள்ளம் நிழலாக எழும்பும். சந்தேகமான இடத்தில் எட்டு மில்லிமீட்டர் துளை போட்டு, மெல்லிய கம்பியின் நுனியில் லென்ஸ் உள்ள எண்டோஸ்கோப் கேமராவை விட்டுப் பாருங்கள். சுவரை இடிக்க வேண்டாம், வீடு விற்பனைக்கு நிற்கிறது. சுவரின் உச்சியில் உத்தரம் உட்காரும் திட்டு, நிலைப்படிக்கு மேலே, படிக்கட்டின் கடைசிப் படிக்கு அடியில், அலமாரி இழுப்பறைகளின் பின்புறம், அடுப்பங்கரையில் ஆடும் செங்கல் ஆகியவற்றைக் கையால் தடவாமல் கண்ணாடியை நீட்டிப் பாருங்கள்.

கையால் தடவாதே என்பதற்குக் காரணம், பாம்பும் குளவியும் தேளும் அங்கே உங்களுக்கு முன்பே குடியிருக்கின்றன. அவற்றைவிட ஆபத்தானவை வேறு. கிணற்றின் மேல் போட்ட பலகை மக்கி அதன்மேல் புல் வளர்ந்திருக்கும், தரைபோலவே தோன்றும். ஒரு கம்பால் முன்னால் குத்திப் பார்த்தே நடங்கள். கிணற்றுக்குள்ளோ நிலவறைக்குள்ளோ இறங்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாத காற்று மணக்காது, எச்சரிக்கவும் செய்யாது. மேலே நிற்பவர் காப்பாற்ற இறங்கி அவரும் விழுவதுதான் வழக்கம். எலிப்புழுக்கையும் வௌவால் எச்சமும் குவிந்த இடத்தை உலர்வாகப் பெருக்காமல் தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசத்தோடு அகற்றுங்கள். கல்நார் கூரையை உடைக்காதீர்கள். பாறை தகர்க்கப் பயன்படுத்திய பழைய வெடிக்குச்சியோ டெட்டனேட்டரோ கண்ணில் பட்டால் தொடாமல் வெளியேறிக் காவல்துறையைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் ஊசியைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

தோண்டும்போது புல்லை மூன்று பக்கம் வெட்டிக் கதவுபோலத் திறந்து, மண்ணைத் தார்ப்பாயில் கொட்டுங்கள். திருப்பிப் போடுவது எளிது. பின்பாயின்டர் (குழிக்குள் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவி) காட்டும் இடத்துக்கு நேர் மேலே கடப்பாரை போடாமல், ஒரு சாண் தள்ளி இறங்கிப் பக்கவாட்டில் நெருங்க வேண்டும். நாற்பது ஆண்டு மண்ணில் கிடந்த தகரம் காகிதம்போல இருக்கும். பிடித்துத் தூக்கினால் அடிப்பாகம் கழன்று, உள்ளதெல்லாம் குழிக்குள் போகும். அடியிலிருந்து மண்ணோடு சேர்த்து எடுத்து ஒரு தட்டில் வையுங்கள். எடுத்தபின் குழிக்குள் இன்னொருமுறை டிடெக்டரை விடுங்கள்.

பொருள் அந்தப் பெரியவரின் காலத்துக்கு வெகு முந்தையது என்று தோன்றினால் கை எடுத்துவிடுங்கள். 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் எரிக் லாஸ் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போய் ரோமானியர் காலத்துத் தங்க வெள்ளி நாணயங்களைக் கண்டார். முழுதும் அள்ளாமல் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து எடுத்ததால்தான் அவை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை தெரிந்தது. புதையலைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தோண்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். குடும்பத்தின் அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும்: வீட்டுப் பங்காளிகள் அனைவரின் கையெழுத்து, எந்த நாள்கள், எங்கெல்லாம், கிடைத்தால் யாருக்கு எவ்வளவு. ஆணி மட்டுமே கிடைத்துக்கொண்டிருக்கும்வரை எல்லோரும் நல்லவர்கள்தான்.

நாணயம் கிடைத்தால் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, சோடா எதுவும் வேண்டாம். மெருகேற்றிய பழைய நாணயத்தை வாங்குபவர் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டு விலையைப் பாதியாக்குவார். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மண் தானாக இளகியதும் ஒற்றி எடுங்கள். நோட்டுக் கட்டு ஈரமாக ஒட்டியிருந்தால் ஒவ்வொன்றாக உரிக்க வேண்டாம், வெயிலிலும் காயவைக்க வேண்டாம். இருக்கிற பாத்திரத்தோடு மூடி, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். மத்திய வங்கிகள் பலவும் சிதைந்த நோட்டை மாற்றித் தருகின்றன. எவ்வளவு பரப்பு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மதிப்பைத் தீர்மானிப்பார்கள். நீங்கள் உரித்துப்போடும் ஒவ்வொரு துண்டும் அந்தக் கணக்கில் குறையும்.