நிரந்தர வேலைய விட்டுட்டு தீம் பார்க் வேலைக்குப் போகலாமா? ஆஃப்-சீசன் மாசத்த வெச்சுக் கணக்கு போடுங்க

கேள்வி: எனக்கு 34 வயசு. இன்ஷூரன்ஸ் கம்பெனில கிளைம் செக்‌ஷன்ல 9 வருஷமா இருக்கேன், வேலை நிரந்தரம், மாசம் தவறாம சம்பளம் வந்துடும். காலேஜ் லீவுல ரெண்டு சீசன் ஒரு தீம் பார்க்ல ரைடு பக்கம் வேலை பார்த்தேன், வேலைக்குப் போறோம்ங்கற நினைப்பே இல்லாம போனது அப்பதான். இப்ப அதே மாதிரி ஒரு பார்க்ல ரைடு ஆபரேட்டரா வர்றீங்களான்னு கேக்கறாங்க. மணி நேரக் கணக்குல சம்பளம், வருஷத்துல 5 மாசம் சீசன்ல வாரம் 40 மணி நேரம், மீதி 7 மாசம் 22 மணி நேரம் கிடைக்கும்னு வாய்ல சொன்னாங்க. என் இப்போதைய சம்பளம் 100னா அங்க சீசன்ல 55 வரும். கணவர் சம்பளம் 45. வீட்டுச் செலவு 105, அதுல 20 லோன் தவணை, இன்னும் 8 மாசம் பாக்கி. சேமிப்பு 250 இருக்கு. ஒரு குழந்தை. எல்லாரும் பைத்தியமான்னு கேக்கறாங்க. நீங்க சொல்லுங்க.

பதில்: வணக்கம் சகோதரி. மொதல்ல, பைத்தியம்லாம் இல்ல. தொகைய சொல்லாம எல்லாத்தையும் 100க்கு இவ்வளவுன்னு அழகா பிரிச்சு எழுதி இருக்கீங்க பாருங்க, இப்படி எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கணக்க நேரா பாக்கற தைரியமும் இருக்கும், அதனால நானும் அந்த 100 கணக்குலயே பேசறேன்.

உங்க லெட்டர்ல இடிக்கற நம்பர் 55தான். அது சீசன் மாசத்து நம்பர். 22 மணி நேரம்னு வந்துட்டா அதே ரேட்ல கைக்கு வர்றது 30தான். 5 மாசம் 55, 7 மாசம் 30, கூட்டி 12ஆல வகுத்தா மாசத்துக்கு 40 சொச்சம். அதாவது 100ல இருந்து 55க்கு இறங்கறீங்கன்னு நினைச்சுட்டு இருக்கீங்க, உண்மைல 40க்கு இறங்கறீங்க. இந்த 15 வித்தியாசத்த பாக்காமதான் பல பேர் சீசன் வேலைக்குப் போயிட்டு மூணாவது மாசம் கிரெடிட் கார்டு தேய்க்க ஆரம்பிக்கறாங்க.

இன்னிக்கே விட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு பாருங்க. சீசன்ல ரெண்டு பேர் வருமானம் 100, செலவு 105, மாசம் 5 துண்டு விழும். ஆஃப்-சீசன்ல வருமானம் 75, செலவு அதே 105, மாசம் 30 துண்டு. 8 மாசம் கழிச்சு லோன் தவணை 20 நின்னுடும், அதையும் கழிச்சு வருஷம் முழுக்க கூட்டினா 155 பள்ளம். உங்க சேமிப்பு 250. ஒரே வருஷத்துல அது 95க்கு இறங்கிடும், அதுக்கப்புறம் ஒரு மோசமான சீசன் வந்தா வேலை பிடிச்சிருந்தாலும் அதுல இருக்கறது கஷ்டம். அதனால இன்னிக்கு விடறதுக்கு என் பதில் வேண்டாம்ங்கறதுதான், இதுல சுத்தி வளைக்க ஒண்ணுமில்ல.

ஆனா லோன் முடிஞ்ச பிறகு அதே கணக்க போட்டுப் பாருங்க, ஆளே மாறிடுது. செலவு 85. சீசன்ல மாசம் 15 மிச்சம், 5 மாசத்துக்கு 75. ஆஃப்-சீசன்ல மாசம் 10 துண்டு, 7 மாசத்துக்கு 70. வருஷக் கடைசில 5 மிச்சம். தட்டுத் தடுமாறி நேர் ஆகுது. அவ்ளோதான்னு சந்தோஷப்படறதுக்குள்ள ஒண்ணு, இப்ப கம்பெனி குடுக்கற மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலைய விட்ட அன்னிக்கே போயிடும், பார்க்ல பார்ட்-டைம் ஆளுங்களுக்கு அது இருக்கான்னு நீங்க எழுதல. தனியா எடுக்க மாசம் 4னு வெச்சா வருஷத்துக்கு 48, அந்த 5 மிச்சம் இப்ப 43 துண்டா மாறிடுச்சு. கணவரோட வேலைல உங்களையும் குழந்தையையும் சேக்க முடியுமான்னு கேளுங்க, முடிஞ்சா இந்த 4 மிச்சம். பென்ஷனுக்கு இப்ப கம்பெனி போடற பங்கும் நின்னுடும், அது உங்க 100க்குள்ள வர்றதே இல்ல, கைக்கு வராத காசு அதனால கண்ணுக்குத் தெரியாது, ஆனா 34 வயசுல நின்னா 60ல நல்லாவே தெரியும்.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. சம்பளம் ஏறி இறங்கற வேலைக்குப் போறவங்க வீட்ட சராசரி மாசத்த வெச்சு ஓட்டக்கூடாது, நல்ல மாசத்த வெச்சு ஓட்டவே கூடாது, இருக்கறதுலயே மோசமான மாசத்துக்குள்ள வீடு ஓடணும். உங்களுக்கு அது 75. லோன் போக வீட்டுச் செலவு 75க்குள்ள நிக்குதான்னு இந்த 8 மாசமும் இப்ப இருக்கற வேலைல இருந்துக்கிட்டே பழகிப் பாருங்க. தவணையோட 95 செலவு, வருமானம் 145, மாசம் 50 மிச்சம். அந்த 50 சம்பளம் வந்த அன்னிக்கே வேற அக்கவுன்ட்டுக்குப் போயிடணும். 8 மாசத்துல 400, பழைய 250 சேத்தா 650. முதல் ரெண்டு மாசம் கண்டிப்பா 75ல நிக்காது, 80 தொடும், பரவால்ல, மூணாவது மாசத்துல இருந்தும் நிக்கலன்னா மட்டும் எனக்குக் கவலை. அதுல இருந்து நின்னுச்சுன்னா அந்த 75 கணக்குப்படி, இன்ஷூரன்ஸ் 4ஐயும் சேத்தே, பார்க் வேலைல வருஷத்துக்கு 77 மிச்சம் ஆகும். அந்த 77ல இருந்துதான் உங்க பென்ஷன் ஓட்டைய அடைக்கணும், வேற எதுக்கும் தொடாதீங்க.

650 எதுக்கு அவ்வளவு, மூணு மாசச் செலவு கைல இருந்தா போதும்னு சொல்றாங்களேன்னு கேப்பீங்க. ஆபீஸ் வேலைக்கு அது ஓரளவு சரி. தீம் பார்க் தொழில் வேற மாதிரி, கூட்டம் வந்தாதான் காசு, கூட்டம் நின்னா மொதல்ல வெட்டறது மணி நேரக் கூலிக்கு இருக்கறவங்களத்தான். 2020 மார்ச்ல கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் மூடினாங்க, திரும்பத் திறந்தது 2021 ஏப்ரல் 30. 13 மாசம். அது 1955ல திறந்த பார்க், உலகத்துலயே பேர் போனது, அதுக்கே அந்த நிலைமை. 2020 செப்டம்பர்ல டிஸ்னி அமெரிக்கால 28,000 பேர வேலைய விட்டு எடுக்கறோம்னு அறிவிச்சாங்க, அதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பார்ட்-டைம் ஆளுங்க. பெருந்தொற்று அடிக்கடி வராதுதான், ஆனா மழை, இடி மின்னல், ஒரு ரைடுல கோளாறு, ஒரு மோசமான சீசன், இதெல்லாம் வரும், ஒவ்வொண்ணுக்கும் ஷிஃப்ட் குறையும். உங்க வருமானம் சுத்தமா நின்னாலும் கணவரோட 45 போக மாசம் 34தான் வேணும், 650 இருந்தா 19 மாசம் தாங்கும். அதுக்குத்தான் கேக்கறேன்.

இனி வேலையப் பத்தி, ஏன்னா காசும் உடம்பும் இங்க ஒண்ணுதான். காலேஜ் லீவுல 20 வயசுல பாத்த வேலைய 34ல வருஷம் முழுக்க பாக்கப் போறீங்க. ரைடு ஆபரேட்டர் வேலைன்னா வெளில இருந்து பாக்கறவங்களுக்கு பட்டன் அழுத்தறதுதான், உங்களுக்குத் தெரியும் அது என்னன்னு. பார்க் திறக்கறதுக்கு முன்னாடியே போய் காலி வண்டிய ஓட விட்டு டெஸ்ட், அப்புறம் ஒவ்வொரு ரவுண்டுக்கும் குழந்தைங்கள உயரக் குச்சி பக்கத்துல நிக்க வெச்சு அளக்கறது, அரை இஞ்ச் கம்மின்னு திருப்பி அனுப்பினா அப்பா அம்மா கத்தறத சிரிச்ச முகமா கேக்கறது, ஒவ்வொரு சீட்டுக்கும் குனிஞ்சு அந்த மடிக் கம்பிய கையால இழுத்துப் பாத்துட்டு கட்டை விரல் காட்டறது, பல ரோலர் கோஸ்டர்ல பிளாட்ஃபார்ம்ல நிக்கறவரும் கன்ட்ரோல்ல இருக்கறவரும் சேந்து அழுத்தினாதான் வண்டியே கிளம்பும். நாள் முழுக்க நின்னுக்கிட்டே. கவனம் ஒரு தடவை கூட சிதறக் கூடாத வேலை இது, நான் இத மரியாதையோடதான் சொல்றேன், அந்தக் கம்பிய இழுத்துப் பாக்கற கைய நம்பித்தான் நம்ம பிள்ளைங்க ஏறுது. ஆனா முதுகோ முழங்காலோ ஒரு மாசம் படுத்துடுச்சுன்னா 22 மணி நேரமும் பூஜ்யம். அதனால உடம்பு முடியாம வீட்ல இருந்தா வருமானம் குடுக்கற இன்ஷூரன்ஸ் ஒண்ணு, இப்ப நிரந்தர வேலைல இருக்கும்போதே கேட்டு எடுத்து வைங்க, வேலைய விட்ட பிறகு கேட்டா வருமான ஆதாரம் காட்டறதே பெரும்பாடு.

சனி, ஞாயிறு, பண்டிகை, ஸ்கூல் லீவு, எல்லாரும் வீட்ல இருக்கற நாள்லதான் உங்களுக்கு ஷிஃப்ட். குழந்தைய அன்னிக்கு யார் பாக்கறாங்க, காசு குடுத்துப் பாத்துக்க ஆள் வைக்கணுமா? அத 75க்குள்ள சேத்தீங்களா? இல்லன்னா இப்பவே சேருங்க. ஸ்டாஃப் பாஸ், ஃப்ரீ டிக்கெட்லாம் வருமானத்துல சேக்காதீங்க, அதால தவணை கட்ட முடியாது.

இன்னொரு விஷயம் கேட்டுப் பாருங்க, எனக்கு இதுலதான் நம்பிக்கை அதிகம். பார்க்ல எல்லா வேலையும் சீசன் வேலை இல்ல. மெயின்டனன்ஸ் டெக்னீஷியனுக்கு ஆஃப்-சீசன்லதான் வேலையே, வண்டிய கழட்டி சக்கரம், பிரேக், வெல்டிங் எல்லாம் செக் பண்றது அப்பதான். அது படிச்சு வரணும், உங்களுக்கு இப்போதைக்கு சரிப்படாது. ஆனா புது ஆளுங்களுக்கு டிரெயினிங் குடுக்கறது, பாதுகாப்பு ரெக்கார்டு பாக்கறது, விபத்து, இன்ஷூரன்ஸ் ஃபைல் பாக்கறது, இதுக்கெல்லாம் வருஷம் முழுக்க ஆள் வேணும், 9 வருஷம் கிளைம் பாத்தவங்கள விட அதுக்கு யார் பொருத்தம் சொல்லுங்க. டெஸ்க் வேண்டாம்னுதானே வெளில வர்றேன்னு நினைப்பீங்க, புரியுது. சீசன்ல ரைடுல, ஆஃப்-சீசன்ல 18 மணி நேரம் அந்த வேலைலன்னு சேத்துக் கேளுங்க. ஆஃப்-சீசன்லயும் 40 மணி நேரம் ஆயிட்டா 30 இருந்த இடத்துல 55 வரும், நான் மேல போட்ட பயம் பாதி போயிடும்.

இந்த 8 மாசத்துக்குள்ள ஒரு சீசன் வந்தா வார இறுதில மட்டும் அங்க போய் வேலை பாருங்க, பல பார்க் அப்படி ஆள் எடுக்கறாங்க. உங்க கம்பெனி அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற வேலை பாக்கக் கூடாதுன்னு இருக்கான்னு மட்டும் மொதல்ல படிச்சுடுங்க. ராஜினாமா குடுக்கறதுக்கு முன்னாடி லீவு என்கேஷ்மென்ட், போனஸ் எந்தத் தேதில கைக்கு வரும்னும் பாருங்க, ரெண்டு வாரம் அவசரப்பட்டு ஒரு வருஷ போனஸ விட்டவங்க இருக்காங்க.

அந்த 22 மணி நேரம் வாய்ல சொன்னதுன்னு எழுதி இருக்கீங்க. அத ஆஃபர் லெட்டர்ல குறைஞ்சபட்ச மணி நேரம்னு எழுதிக் கேளுங்க. வாரத்துக்கா மாசத்துக்கா, மழையால பார்க் மூடினா அந்த மணி நேரத்துக்குக் காசு உண்டா, எத்தன நாள் முன்னாடி ஷிஃப்ட் லிஸ்ட் போடுவாங்க, இது மூணும் அதுலயே வரணும். எழுதித் தர மாட்டோம்னா ஆஃப்-சீசனுக்கு 30ன்னு போடாம 15ன்னு போட்டு மேல இருக்கற கணக்கு மொத்தத்தையும் திரும்பப் போடுங்க, அப்ப வீடு 60ல ஓடணும், அது உங்களால முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது. லெட்டர் கைக்கு வந்ததும் அந்த நம்பர எழுதுங்க, பாத்துட்டு சொல்றேன்.