நூல் கடையில் போட்ட பில்லும் அனுபவம்தான்

கேள்வி: சென்ற ஆண்டு பி.காம். முடித்தேன். ஒன்பது மாதங்களாக வேலை தேடுகிறேன். நேர்முகத் தேர்வு வரை சென்ற மூன்று இடங்களிலும் அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரி நாட்களில் இரண்டு ஆண்டுகள் மாலை நேரங்களில் சித்தப்பாவின் நெசவு நூல் கடையில் பில் போட்டு, மாதந்தோறும் பில்களை ஆடிட்டருக்கு அனுப்பி வைத்ததைத் தவிர நான் எங்கும் வேலை செய்ததில்லை. இப்போது வெளியூர் நிறுவனம் ஒன்று கணக்கர் வேலை தருவதாகச் சொல்லி, அசல் சான்றிதழ்களையும் 25,000 ரூபாய் முன்பணத்தையும் கேட்கிறது. அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. சேரலாமா?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: சேர வேண்டாம். உழைப்புக்குச் சம்பளம் தர வேண்டியவர் உங்களிடமே பணம் கேட்கிறார் என்றால், அங்கே வேலை இருக்கிறதா என்பதே சந்தேகம். அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் நேரில் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுத்து வாருங்கள். பட்டம் பெற்ற புதிதில் நான் ஒரு தனியார் நிறுவனத்தில் அசலை ஒப்படைத்துவிட்டேன். சில மாதங்களில் அரசுப் பணித் தேர்வு ஒன்றின் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது, பலமுறை கேட்டும் அவை கைக்கு வரவில்லை. அந்த நாளும் கடந்துபோனது. அந்த இழப்பு உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பியிருந்த பயோடேட்டாவை இருமுறை படித்தேன். எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய நான்கு வரிக் குறிக்கோள் முதலில் இருக்கிறது. பள்ளியில் வாங்கிய கோலப்போட்டிப் பரிசுகூட இருக்கிறது. நூல் கடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சொந்தக்காரர் கடை என்பதால் அதை வேலையாகவே நீங்கள் எண்ணவில்லை போலும். தமிழ்நாட்டுக்குள் விற்ற சரக்குக்கு மத்திய, மாநில ஜி.எஸ்.டி. என இரண்டாகப் பிரித்தும், கேரளத்துக்கு அனுப்பியதற்கு ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) என ஒரே தலைப்பிலும் பில் போட வேண்டும் என்பது, பாடமாக மட்டும் படித்தவரைவிட நாள்தோறும் பில் போட்டவருக்கு நன்றாகப் பிடிபட்டிருக்கும். குறிக்கோளை எடுத்துவிட்டு அந்த இடத்தில், எத்தனை மாதங்கள் வேலை செய்தீர்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ எத்தனை பில்கள் போட்டீர்கள், எந்த மென்பொருளைப் பயன்படுத்தினீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். சம்பளம் வாங்காத வேலையாக இருந்தாலும் அதை மறைக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைக் காட்டிலும், கரூரில் உள்ள ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் நேரில் செல்வது நல்லது. ஆனால் நாள் பார்த்துச் செல்லுங்கள். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு விற்பனை விவரம் தர 11-ஆம் தேதியும், வரி கட்டும் படிவத்துக்கு 20-ஆம் தேதியும் வழக்கமான கடைசி நாட்கள் என்பதால், அதற்கு முந்தைய நாட்களில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது.

தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் 2014-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் இந்த வாய்ப்பு உண்டு. தென்மண்டலத்துக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இயங்குகிறது; இணையத்திலேயே பதிவு செய்யலாம். பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி, மாதந்தோறும் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்றாலும், அனுபவம் எங்கே என்று கேட்பவரிடம் காட்ட அந்தச் சான்றிதழ் இருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள்.

நகை வீட்டிலேயே இருக்கட்டும். வருகிற 21-ஆம் தேதி, திருத்திய பயோடேட்டாவுடன் முதலில் சித்தப்பாவின் ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள். நீங்கள் போட்ட பில்களை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வந்தவர் அவர்.