சொந்த ஊர்: ஒரு கடிதம்

ஐயா,

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. அப்பாவைப் பெற்ற ஆயா பர்மாக்காரர். 1964-இல் தாத்தா அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்தார். எனக்கு ஆயாவின் முகம் அப்படியே இருக்கும். வேலை பார்க்கும் இடத்தில் "நீங்க மணிப்பூரா, நேபாளமா?" என்கிறார்கள். வியாசர்பாடி என்றால் சிரித்துவிட்டு, "அது சரி, சொந்த ஊர் எது?" என்கிறார்கள். பர்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. என்ன பதில்தான் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான் பழைய வண்ணாரப்பேட்டை, வீட்டில் தெலுங்கு. என் முகத்தில் அது தெரியாது. ஆனாலும் பொங்கல் வந்தால் "ஊருக்குப் போகலையா?" என்பார்கள். "இதுதான் ஊர்" என்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சென்னையில் ஊர் என்றாலே செங்கல்பட்டு தாண்டித்தான் இருக்க வேண்டும் போல.

ஒருமுறை வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் என் ஊரைக் கேட்டார், அப்பா ஊரைக் கேட்டார், தாத்தா ஊரைக் கேட்டார், கடைசியில் குலதெய்வம் எங்கே என்றார். அவர் தேடியது சாதியை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கொஞ்சம் மந்தம். வீடு கிடைக்கவில்லை. உங்களிடம் கேட்பவர்கள் அவ்வளவு மோசமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவரைப் போலவே இவர்களும் முதலில் சொன்ன பதிலை நம்புவதில்லை.

நம் பக்கம் இப்படித் துருவ ஆரம்பித்தால் தெருக்களே பதில் சொல்லவேண்டி வரும். பவழக்காரத் தெருவில் பவழம் விற்ற யூதர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். ஆர்மீனியர்கள் இருந்த தெருவை நம் ஆட்கள் அரண்மனைக்காரத் தெரு ஆக்கிவிட்டார்கள். அங்கே அரண்மனை ஏது? 1772-இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம்தான் இருக்கிறது.

உங்கள் தாத்தாவுக்கு வருவோம். 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் (பர்மா பணம்) நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெட்டியில் வைத்திருந்தது வெறும் காகிதமாயிற்று. அங்கே இந்தியன் என்று கிளப்பப்பட்டவர்கள், இங்கே கப்பலை விட்டு இறங்கியதும் பர்மாக்காரர்கள் ஆனார்கள்.

சரி, பதில். வியாசர்பாடி என்று ஒருமுறை சொன்னால் போதும். மறுபடி கேட்டால், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று திருப்பிக் கேளுங்கள். ஏரி, தேர், மாமா வீட்டுத் தோப்பு என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, கேட்டதை மறந்துவிடுவார்கள். ஆயா கதையை உங்களுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிறவன் நான். நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். பொட்டுக்கடலை மாவு போட்டால்தான் அத்தோ என்கிறார் ஒரு கடைக்காரர். கூடவே கூடாது என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். உங்கள் ஆயா போடுவாரா? கேட்டு எழுதுங்கள்.