இரண்டு பல்லுக்காகத் திருச்சி போவதா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 61, திருகோணமலையில் இருக்கிறேன். கீழ்த்தாடையில் இடப்பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களும் இல்லை. மேலே வலப்பக்கம் ஒரு பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்து கிரவுன் (பல்லை மூடும் உறை) போட வேண்டும். கொழும்பில் ஒரு தனியார் கிளினிக்கில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) ஒன்றுக்குக் கிரவுனோடு 220,000 ரூபா, வேர்ச்சிகிச்சைக்கும் அதன் கிரவுனுக்கும் 70,000 ரூபா, ஆக 510,000 ரூபா கேட்கிறார்கள். திருச்சியில் இம்பிளான்ட் 30,000 இந்திய ரூபா, மற்றது 12,000. மனைவியோடு போய் வர நினைக்கிறேன். 600,000 ரூபா நிலையான வைப்பு இருக்கிறது, இரண்டு மாதத்தில் முதிரும். அதை இப்போதே உடைப்பதா, நகையை அடகு வைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. இந்த அளவு வேலைக்குத் திருச்சிப் பயணமே வேண்டியதில்லை. கணக்கைப் பாருங்கள்.

ஒரு இந்திய ரூபாவை மூன்றரை இலங்கை ரூபா என்று வைத்தால் திருச்சிச் செலவு 72,000 இந்திய ரூபா, அதாவது 252,000. கொழும்போடு ஒப்பிட்டால் 258,000 மிச்சம். இந்த எண்தான் உங்களை இழுக்கிறது. ஆனால் இம்பிளான்ட் ஒரே பயணத்தில் முடிகிற வேலை அல்ல. முதலில் தாடை எலும்பில் திருகைப் பதிப்பார்கள். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், மேல்தாடையில் நாலு முதல் ஆறு மாதம். அதன் பிறகே மேலே கிரவுன். ஆகவே குறைந்தது இரண்டு பயணம்.

ஒருவர் போய்வர விமானம் 55,000, திருகோணமலை–கட்டுநாயக்க போக்குவரத்து 4,000, ஏழு இரவு விடுதிக்கு இரவுக்கு 1,500 இந்திய ரூபா வீதம் 36,750, எட்டு நாள் சாப்பாடும் ஓட்டோவும் நாளுக்கு 600 இந்திய ரூபா வீதம் 16,800 என்று வையுங்கள். ஒரு பயணம் 112,550. தனியாக இரண்டு முறை போனால் 225,100. 258,000 ரூபா மிச்சத்தில் கையில் நிற்பது 32,900 மட்டுமே. ஒரு முறை மனைவியும் வந்தால், அறை ஒன்றானாலும், அவருடைய விமானமும் சாப்பாடும் சேர்ந்து அந்த 32,900 போய்க் கைக்காசும் இறங்கும். உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான டிக்கெட் விலையைப் போட்டு இதே கணக்கைத் திருப்பிச் செய்யுங்கள். 10,000 கூடலாம், குறையலாம், முடிவு மாறாது.

இதில் சேராத செலவுகளும் உண்டு. பல் போய் நீண்ட காலம் ஆகியிருந்தால் அந்த இடத்து எலும்பு கரைந்து மெலிந்திருக்கும். அப்போது எலும்புத் தூள் வைத்து வளர்க்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், மேலும் சில மாதம், சில வேளை மூன்றாவது பயணம். விசாவிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்திய மருத்துவ இ-விசா முதல் தடவை இறங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குத்தான் செல்லும். மூன்று மாதம் கழித்துக் கிரவுனுக்குப் போக இன்னொரு விசா எடுக்க வேண்டும். நாணய மாற்றும் அப்படித்தான், இரண்டாவது தவணையை அன்றைய விகிதத்தில் கட்டுவீர்கள். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

எத்தனை பல்லுக்குப் போகலாம் என்று கேட்டால், உங்கள் விலைகளின்படி இம்பிளான்ட் ஒன்றுக்கு மிச்சம் 115,000. தனியாக இரண்டு பயணமும், எதிர்பாராத மூன்றாவதுக்கு ஒதுக்கும் காசும் சேர்ந்தால் 337,650. மூன்று பல்லில் அது ஈடாகிறது, நாலாவது பல்லிலிருந்துதான் இலாபம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: பிள்ளை அங்கே படிக்கிறது, அல்லது வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ எப்படியும் போகிறீர்கள் என்றால் பயணச் செலவைப் பல்லின் கணக்கில் எழுத வேண்டியதில்லை. அப்போது ஒரு பல்லுக்கும் கணக்குச் சரிவரும். விசாவை மட்டும் சிகிச்சைக்கு உரியதாக எடுங்கள். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகும் கப்பல் மலிவுதான், ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றில் அது நின்றுவிடும். வைத்தியர் கொடுத்த திகதியை நம்பிப் போகிறவர் அதை நம்பக்கூடாது.

இனி உங்கள் வாய்க்கு வருவோம். வேர்ச்சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் முதலில் செய்யுங்கள், உள்ளூரிலேயே செய்யுங்கள். அதில் உங்களுக்கு வெளிநாட்டில் மிச்சமாவது 28,000 மட்டுமே. வேர்ச்சிகிச்சைக்குப் பிறகு சில நாளில் வீங்கினால், வலித்தால், அதே வைத்தியரிடம் திரும்பிப் போக வேண்டும். அதற்குக் கடல் குறுக்கே இருக்கக்கூடாது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் முதலில் காட்டி, பல்லைக் காப்பாற்றலாமா என்று கேளுங்கள். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புத் தேசிய பல் வைத்தியசாலைக்கோ அங்கிருந்து கடிதம் வாங்கலாம். காத்திருக்க நேரும், பல முறை போக நேரும், ஆனாலும் உங்களுக்கு ஓய்வு நேரம் இருக்கிறது. பேராதனை போய்வரும் பஸ் காசைத் திருச்சிச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, கீழே இரண்டு இம்பிளான்டும் தேவையா? பின்னால் பிடிக்கப் பல் இல்லாததால் இரு பக்கப் பற்களையும் பிடித்து நிற்கும் வழக்கமான பிரிட்ஜை அங்கே கட்ட முடியாது, அது சரி. ஆனால் முதல் கடைவாய்ப் பல்லை மட்டும் வைத்து, கடைசிப் பல்லின் இடத்தை வெறுமையாக விட்டாலும் பலருக்குச் சாப்பிடப் போதும். எதிரே மேலே உள்ள பல் இறங்கி வருமா என்பதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சம்மதித்தால் 510,000 ஒரேயடியாக 290,000 ஆகிறது. இந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்துவது இரண்டு திருச்சிப் பயணம் மிச்சப்படுத்துவதை விடக் கூட. கழற்றி மாட்டும் பல்செட், உலோகச் சட்டத்தில் செய்தாலும்கூட, இன்னும் மலிவான வழி. ஒரு பக்கம் மட்டும் பல் இல்லாதவர்கள் அதைப் போடாமல் டப்பாவில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் என்பதால் அதை இரண்டாவதாகவே சொல்கிறேன்.

காசை இப்படி நகர்த்துங்கள். வேர்ச்சிகிச்சைக்கான 70,000 கைச்சேமிப்பிலிருந்து போகட்டும். வைப்பை முன்கூட்டி உடைத்தால் வட்டி விகிதத்தைக் குறைத்துத்தான் தருவார்கள், இரண்டு மாதம் பொறுப்பது அதற்காகத்தான். முதிர்கிற நாளில் ஒரு இம்பிளான்டுக்கான 220,000 ரூபாவை எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டு, 380,000 ரூபாவை மீண்டும் வைப்பிலிடுங்கள். கிளினிக்கில் முழுத் தொகையையும் முற்பணமாகக் கட்டாதீர்கள். திருகு பதிக்கும் நாளில் ஒரு பங்கு, கிரவுன் பொருத்தும் நாளில் மிச்சம். இடையில் அவசரம் வந்தால் வைப்பை ஈடுவைத்து அதே வங்கியில் கடன் எடுக்கலாம். அதன் வட்டி வைப்பு வட்டியைவிடச் சற்றுத்தான் கூட. நகை அலுமாரியிலேயே இருக்கட்டும்.

பிறகு ஒரு நாள் நாலைந்து பல்லுக்காகப் போக நேர்ந்தால், புறப்படுமுன் இங்கேயே முப்பரிமாண ஸ்கான் எடுத்து, அந்தக் கோப்பை அங்கே அனுப்பி, எலும்பு போதுமா என்று எழுத்தில் வாங்குங்கள். விலைக் குறிப்பில் ஸ்கான், திருகு, திருகையும் கிரவுனையும் இணைக்கும் இடைத்துண்டு, கிரவுன் எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். செய்பவர் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ முதுநிலைப் பட்டம் பெற்றவரா, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். நீரிழிவு இருந்தால் எச்.பி.ஏ.1சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும்) பரிசோதனை முடிவு கையில் வேண்டும். எலும்புத் தேய்வுக்கு மாத்திரை எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், பல் பிடுங்கிய பின் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அதில் உண்டு. கீழ்த்தாடையில் திருகு பதித்த மறுநாளே விமானம் ஏறாதீர்கள். மரப்பு மருந்து இறங்கிய பிறகும் கீழுதடு மரத்தே இருந்தால் திருகு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஒன்றரை நாளுக்குள் அதைத் திருப்பி எடுத்தால்தான் நரம்பு தேற வாய்ப்பு அதிகம்.

கிரவுன் சிமெந்தில் ஒட்டியதாக அன்றி திருகில் பூட்டியதாக இருக்கட்டும் என்று கேளுங்கள். தளர்ந்தால் திருகோணமலையிலோ கொழும்பிலோ ஒரு வைத்தியர் கழற்றி இறுக்கலாம். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் அதற்குரிய திருப்புளிதான் பொருந்தும். பெட்டியில் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயர், விட்டம், நீளம், தொகுதி எண் கொண்ட சிட்டையை அன்றே கேட்டு வாங்கி, இம்பிளான்ட் அட்டையில் ஒட்டிக் கடவுச்சீட்டு உறையில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் செய்தாலும் இதே சிட்டையைக் கேளுங்கள்.