பூட்டிக் கிடக்கும் கடற்கரை வீட்டைத் திருத்துவது எப்படி?

கேள்வி: வல்வெட்டித்துறையில், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில், அம்மப்பா கட்டிய கல்வீடு இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், ஓட்டுக் கூரை, பனை வளை. எங்களில் இருவர் கனடாவில், தம்பி கொழும்பில். விடுமுறைக்கு வந்து தங்கத் திருத்த நினைக்கிறோம். பழைய பூச்சைக் கொத்திச் சீமெந்து பூசி, ஓட்டை இறக்கிக் கொங்கிறீற் தட்டுப் போடலாம் என்கிறார் கொந்தராத்துக்காரர். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர்க்கிறது. பிள்ளைகளுக்காகச் சின்ன நீச்சல் குளமும் கட்ட ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: சீமெந்துப் பூச்சும் வேண்டாம், கொங்கிறீற் கூரையும் வேண்டாம். குளத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொந்தராத்துக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஆட்கள் குடியிருக்கும் வீட்டை மனதில் வைத்துச் சொல்கிறார். உங்கள் வீடு வருடத்தில் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கும். யன்னல் திறக்காது, விசிறி சுற்றாது, ஓடு நழுவினால் பார்க்க ஆளில்லை. எதைச் செய்வதானாலும், ‘யாரும் இல்லாத மாதங்களில் இது என்னவாகும்?’ என்று முதலில் கேளுங்கள்.

சுவரைத் தின்பது தண்ணீரை விட உப்புத்தான். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். இரவில் கரைந்த உப்பு பகல் வெயிலில் மறுபடி பளிங்காகும். அப்படி வளரும்போது கல்லின் நுண்துளைகளை நெருக்கி உடைக்கும். இது நாள்தோறும் நடக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உப்பும் அதோடு மேற்பரப்புக்கு வந்து பூக்கும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, கடைசியில் வளையின் முனை சுவரில் பதிந்திருக்கும் இடத்தைப் பிடிக்கும். வெளியே சுவர் புதிதாகத் தெரியும், உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும்.

எனவே பழைய பூச்சில் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றாக இருப்பதுபோலப் பொய்ச் சத்தம் வரும் இடங்களை மட்டும் எடுங்கள். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தும்புத்தடியால் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது திரும்ப உள்ளேதான் போகும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் என்று கலந்து பூசி, மேலே வெள்ளை அடிக்கலாம். பிளாஸ்ரிக் போலப் படலம் கட்டும் பெயின்ற் எதுவும் வேண்டாம். அடியில் மூன்று நான்கு அடி உயரத்துக்குப் பூச்சு சில வருடங்களில் உதிரத்தான் செய்யும். சுவருக்குப் பதிலாக அது உப்பை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். உதிர்ந்ததும் மறுபடி பூசுங்கள். மேசன் வேலை தெரியாதவர் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

இந்த வேலையைத் தை பிறந்த பிறகு தொடங்குங்கள். உங்கள் கரை வடக்கே பார்த்தது. வாடைக்காற்று மழையையும் கடல் தூவலையும் சேர்த்தே சுவரில் அடிக்கும். வெயில் காலத்தில் பூசினால் நனைத்த சாக்குத் தொங்கவிட்டு மெதுவாகக் காய விடுங்கள். சுண்ணாம்பை எங்கே வாங்கியது என்றும் கேளுங்கள். கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பதும், அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கச் சூளை போடுவதும் கரையோரம் பேணல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்தின்படி தடை.

கூரைக்கு வருவோம். கொங்கிறீற்றுக்குள் உப்பு இறங்கிக் கம்பியைத் தொட்டால் கறள் பிடிக்கும். கறள் இரும்பை விடப் பலமடங்கு இடம் எடுப்பதால் கொங்கிறீற் வெடித்துப் பாளம் பாளமாக விழும். கடற்கரையில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றராவது கொங்கிறீற் மூட வேண்டும்; சவர்த் தண்ணீரில் குழைக்கக் கூடாது. தூரத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் யார் பார்ப்பது? ஓடு உடைந்தால் ஒரு ஓட்டை மாற்றினால் போதும். வைரம் பாய்ந்த பனை இன்னும் பல காலம் நிற்கும். நல்ல ஓடாவி ஒருவரைக் கொண்டு வளைகளின் முனைகளைக் குத்திப் பார்த்து, உளுத்ததை மட்டும் மாற்றுங்கள். விளிம்பு ஓடுகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள். கூரைக்குக் கீழே சீலிங் அடித்தால் காற்றுப் போக வலைக்கண் விடுங்கள்.

பிணைச்சல், கொண்டி, ஆணியெல்லாம் பித்தளை, அல்லது 316 தர எவர்சில்வர். கடைக்காரர் 304 தருவார், பளபளப்பில் வித்தியாசமே தெரியாது, ஆனால் உப்புக் காற்றில் அது சீக்கிரம் கறை பிடிக்கும். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல் பார்க்காத தெற்குச் சுவரில் வையுங்கள்.

இனிக் கிணறு. நமது நன்னீர் சுண்ணாம்புப் பாறைக்குள் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி இறைத்துவிட்டால் கீழே இருக்கும் உப்புநீர் அந்த 40 அடியும் ஏறப் பார்க்கும். கரையோரத்தில் இந்த நன்னீர்ப் படலம் இன்னும் மெல்லியது. கிணறு ஏற்கெனவே சவர்க்கிறது என்றால், குளம் நிரப்ப இறைப்பது உங்கள் கிணற்றோடு பக்கத்து வளவுக் கிணற்றையும் கெடுக்கும். குழாய்க்கிணறு அடித்தாலும் உப்புத்தான் வரும். சின்ன மோட்டரால் விட்டு விட்டு இறையுங்கள். மலக்குழியை அடிப்பாகமும் பூசி மூடிய தொட்டியாகக் கட்டுங்கள். பாறை வெடிப்பு வழியே அழுக்கு நேரே கிணற்றுக்குப் போகும்.

குளத்துக்கு வைத்த காசில் மழைநீர்த் தொட்டி கட்டுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர். நமக்குப் பெரும்பாலான மழை ஒக்ரோபரில் இருந்து டிசெம்பர் வரைதான். நீங்கள் வருவதோ பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில். ஆகவே தொட்டியைப் பெரிதாகவே கட்டி, நுளம்பு போகாமல் மூடுங்கள். பீலி பிவிசியில் இருக்கட்டும். முதல் மழை கூரை உப்பைக் கழுவிப் போகும், அதைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

ஊரில் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து வீட்டைத் திறக்கச் சொல்லுங்கள். காற்றோட்டம் விடுவது, யன்னல் கம்பிகளை நல்ல தண்ணீரால் கழுவுவது, கொமட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, வாடைக்கு முன் பீலி துப்புரவாக்குவது எல்லாம் அவர் வேலை. இந்தச் சம்பளத்தையும் திருத்தச் செலவுக் கணக்கில் இப்போதே சேருங்கள். பெரும்பாலானோர் இதைத்தான் மறக்கிறார்கள்.

சட்ட விஷயம் இரண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அறை கூட்டுவது, மதில் கட்டுவது என்றால் நகரசபையிடம் மட்டும் போய்த் திரும்பாமல் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் முன்கூட்டியே கேளுங்கள். அடுத்தது காணி உறுதி. வீடு இன்னும் அம்மப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். மூவரும் கூட்டு உரிமையாளர் என்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி ஒருவர் தன் பங்கை விற்கும்போது மற்றவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. யார் எவ்வளவு போடுகிறீர்கள், யார் எந்த மாதம் தங்குவது, உங்கள் சார்பில் கையெழுத்து வைக்கத் தம்பிக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதா என்பதையெல்லாம் நொத்தாரிசு முன் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு மேசனுக்கு முற்பணம் கொடுங்கள்.