கிரேக்கம் தெரியாமல் புதிய ஏற்பாட்டின் மூலச் சொல்லைப் பார்க்க முடியுமா?

கடலூரில் வேதபாட வகுப்பு எடுக்கிறீர்கள், தமிழ் பைபிளின் ஒரு சொல்லுக்குக் கிரேக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? முடியும்.

கேம்பிரிட்ஜின் டிண்டேல் ஹவுஸ் என்ற வேத ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் ஸ்டெப் பைபிள் இணையதளத்தில் தொடங்குங்கள். யோவான் 21:15ஐத் திறந்து ஒரு சொல்லைத் தொட்டால், அதன் கிரேக்க வடிவமும் ஆங்கிலத்தில் பொருளும் வரும். நம் பழைய மொழிபெயர்ப்பில் இயேசு ‘அன்பாயிருக்கிறாயா’ என்று கேட்க, பேதுரு ‘நேசிக்கிறேன்’ என்கிறார். மூலத்திலும் இரண்டு சொற்கள்தான்: அகபாவோ, ஃபிலேயோ. இதை வைத்து உடனே பிரசங்கம் செய்துவிடாதீர்கள்! அந்தச் சொற்கள் வரும் மற்ற வசனங்களையும் தேடுங்கள். பிதா குமாரன்மேல் வைத்த அன்பை யோவான் 3:35இல் முதல் சொல்லாலும், 5:20இல் இரண்டாவது சொல்லாலும் நற்செய்தியாளர் எழுதுகிறார். அகராதியைவிட இந்தத் தேடல்தான் எனக்குப் பெரிய உதவி.

அப்புறம், பைபிளுக்கு வெளியே உள்ள கிரேக்க நூல்களுக்கு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் என்ற இணைய நூலகம். கிரேக்க எழுத்துகள் 24தான், பழகிக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்காரனான எனக்கு ஆசை பிறந்ததே பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூலில் வரும் ‘பொதுகே’ என்ற துறைமுகத்தால், அது நம் அரிக்கமேடு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.