‘ஷல்’லும் ‘ஷுட்’டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் அமெரிக்க வெளியுறவுத்துறையின் வழக்கறிஞராக இருந்த சூ பினியாஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் சட்டம் படிக்கிறேன். கால் நூற்றாண்டு ஒருவர் கமாவுக்கும் அரைப்புள்ளிக்கும் மல்லுக்கு நின்றதைச் சாதனை என்கிறீர்கள். பூமி சூடாகிக்கொண்டேதான் இருக்கிறது. இது வெறும் சொல் விளையாட்டுதானே?

– ச.

அன்புள்ள ச.,

சொல் விளையாட்டேதான். ஆனால் பணயம் பெரியது.

2015 டிசம்பர் 12, பாரிஸை ஒட்டிய லெ பூர்ஜேயில் ஐ.நா. காலநிலை மாநாடு. பாரிஸ் ஒப்பந்தத்தின் இறுதி வரைவு எல்லார் கையிலும் வந்துவிட்டது. வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு பற்றிய வரியில் ‘ஷுட்’ (should) இருக்கவேண்டிய இடத்தில் ‘ஷல்’ (shall) இருப்பதை அமெரிக்கர்கள் கண்டார்கள். தமிழில் இரண்டுக்கும் ‘வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். சட்டத்தில் ‘ஷல்’ கட்டளை, ‘ஷுட்’ அறிவுரை. கட்டளை என்றால் அமெரிக்க மேலவையான செனட்டின் ஒப்புதலுக்குப் போகவேண்டி வரும். முந்தைய காலநிலை உடன்படிக்கையான கியோட்டோவுக்கு முன்பே, 1997-இல், 95-0 என்று எதிர்த்துத் தீர்மானம் போட்ட சபை அது. கூட்டம் தாமதமானது. அப்புறம் செயலக அதிகாரி ஒருவர் சில பிழைத்திருத்தங்களை வாசித்தார். நடுவே ‘ஷல்’ ‘ஷுட்’ ஆனதும் ஒன்றாகப் போயிற்று. மாநாட்டுத் தலைவரான பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டி ஒப்பந்தம் ஏற்கப்பட்டதாக அறிவித்துவிட்டார்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. காலநிலையால் வரும் இழப்புக்கும் சேதத்துக்கும் தனிப் பிரிவு வேண்டும் என்றன தீவு நாடுகள். கிடைத்தது, எட்டாம் பிரிவு. ஆனால் அது இழப்பீடு கேட்க ஆதாரமாகாது என்ற வரியும் கூடவே வந்தது. ஒப்பந்தத்தில் அல்ல, அதோடு ஏற்கப்பட்ட தீர்மானத்தில்! தீவு நாடுகள், அமெரிக்கா இரண்டுமே வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம். கைத்திறன் என்று வியக்கிறேன், கடல் ஏறிவரும் தீவுக்காரன் எப்படி வியப்பான் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வக்கீலுக்குக் கட்சிக்காரர் உண்டு. பினியாஸின் கட்சிக்காரர் ஒரு நாடு, அதன் மனமோ தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 1989 முதல் இரு கட்சி அதிபர்களுக்கும் வேலை பார்த்தார், 2017-இல் விலகினார், 2021-இல் காலநிலைக்கான அதிபரின் தூதர் ஜான் கெர்ரியோடு திரும்பி வந்தார்.

சொற்கள் என்ன செய்யும் என்பதற்கு, பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவது பற்றிய 28-ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகாமல் யாரும் விலகல் கடிதம் தர முடியாது, தந்தாலும் மேலும் ஓராண்டு காத்திருக்கவேண்டும். 2017 ஜூனில் டிரம்ப் விலகலை அறிவித்தார். அது செல்லுபடியானது 2020 நவம்பர் 4, அதாவது அவர் தோற்ற தேர்தலுக்கு மறுநாள். 2025-இல் மறுபடி அறிவித்தபோது அந்த மூன்றாண்டுப் பூட்டு தீர்ந்துபோயிருந்தது.